இடப்பக்கம் சாயும் கோடு

அண்ணி,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று சிரிக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு முன் துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. உள்ளே நமைச்சல் எடுத்தால் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த நாளிலிருந்து நடக்காத நடையெல்லாம் இந்த மூன்று வாரத்தில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்து தீர்த்துவிட்டேன்.

இன்று காலை சிலிண்டருக்குச் சொல்லிவைக்கப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஏதோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட பென்சிலால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தபோது பகீரென்றது. தாள் முழுக்கச் சின்னச் சின்னச் சாய்கோடுகள். எல்லாம் இடப்பக்கம் தலை சாய்ந்து, மேலே அழுத்தமாகத் தொடங்கி, கீழே வலப்பக்கம் வால் மெலிந்து போயிருந்தன. என் கோடு வலப்பக்கம் தலை சாயும். இது உங்கள் கோடு.

நீங்கள் போய் ஒன்றரை வருஷமாகிறது. நான் உங்களுக்குச் செய்ததை நீங்கள் இருந்தவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வாரம் வேறொருவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது, உங்களுக்கு இருபத்தொன்று. வருஷம் எழுபத்தைந்தோ எழுபத்தாறோ. வந்த முதல் வெள்ளிக்கிழமை விடிகாலையில் நீங்கள் வாசலில் கோலம் போட்டீர்கள். இழை ஒன்றுகூடப் பிசகவில்லை. தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அம்மா வெளியே வந்து பார்த்தாள். அவள் கோலத்தைப் பார்க்கவில்லை, மாவு எடுத்த கையைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பீச்சாங்கையால போடறே? வூடு வெளங்குமா?"

"பழக்கமாயிடுச்சுங்க அத்தை."

"பழக்கத்த மாத்திக்கோ."

நீங்கள் மாவை வலது கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். அப்புறம் ஒரு மாதம் நம் வாசல் கோலம் நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது. கரண்டி, அரிவாள்மனை, பேனா எல்லாம் வரிசையாக வலது கைக்குப் போயின. அடுத்த தைக்குள் வலது கையும் உங்களுக்குத் தோதாகிவிட்டது. அம்மா அதைத் தன் வெற்றியாக நினைத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். அவள் கண் படாத இடத்தில் பென்சில் மட்டும் இடது கைக்குத் திரும்பிப் போய்விடும். அது எனக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் படம் போடுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாய்க்காலுக்குப் போயிருந்த நேரத்தில் உங்கள் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். புடவை ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். அடியில் டிராயிங் லோயர் பரீட்சை தேறிய சர்டிபிகேட் இருந்தது. நானும் லோயர் தேறியவள். எங்கள் ஊரில் நான் ஒருத்திதான் என்று தலைக்கனத்தோடு திரிந்தவள். உங்களுடையதில் முதல் வகுப்பு என்று போட்டிருந்தது, என்னுடையதில் அது இல்லை. வயிறு எரிந்தது அண்ணி. இரண்டு நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. உங்களுக்கு ஏனென்று தெரியாது. தலைவலியா பாப்பா என்று கேட்டுச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள்.

ஆனால் எரிச்சலையும் மீறி ஆசை இருந்தது. நமக்குக் குளத்தோரம் அரை ஏக்கரில் மல்லாட்டைக் கடலை. களை எடுக்கிறவர்களுக்குக் கூழ் கொண்டுபோகிற சாக்கில் நாம் இருவரும் போவோம். கூழை இறக்கிவைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் நின்ற புங்க மரத்தை வரைவோம். மரம் தண்ணீரின் மேல் சாய்ந்து நிற்கும். அதன் முழு உருவமும் குளத்தில் தலைகீழாக விழுந்திருக்கும். மரத்தை நான் ஒப்பேற்றிவிடுவேன். தண்ணீரில் தெரிகிற மரம்தான் எனக்கு வராது.

மரத்துக்கு நான் போடுகிற ஷேடிங் கோடுகள் வலப்பக்கம் தலை சாயும். வலது கைக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வரும். தண்ணீரில் எல்லாம் கவிழ்ந்து தெரிவதால், அங்கே கோடு இடப்பக்கம் சாய்ந்தால்தான் கண் நம்பும். அதற்கு நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பலகையைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு மும்முரமாகக் கோடு போட்டேன். அரை மணி நேரம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் வேர்க்கடலைச் செடியை முறித்துக்கொண்டிருந்தீர்கள். முடித்துவிட்டுப் பலகையை நேராக்கிப் பார்த்தால் கோடு பழையபடி வலப்பக்கமே சாய்ந்து கிடக்கிறது.

நீங்கள் சிரித்த சிரிப்பில் களை எடுத்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சாய்ஞ்ச கோட்டைத் தலைகீழாத் திருப்பினாலும் அதே சாய்வுதான் பாப்பா. ஒரு குச்சிய வச்சுத் திருப்பிப் பாத்திருந்தா ஒரு தாளு மிஞ்சியிருக்கும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீ அம்மாம் பெரிய ஆளாட்டம் உக்காந்திருந்தே. எப்பிடிச் சொல்றது?"

அப்புறம் பலகையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சாய்வு சரியாக வந்தது. ஆனால் தண்ணீர் தண்ணீராக இல்லை, கூரை வேய்ந்த மாதிரி விறைப்பாக இருந்தது. நீங்கள் என் பலகையை வாங்கி, பென்சிலை இடது கையில் பிடித்து, ஓரத்தில் ஒரு விரல்கடை அளவுக்குப் போட்டுக் காட்டினீர்கள். முழங்கை மட்டும் கதவு மாதிரி திறந்து மூடியது. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, இடையிடையே வெள்ளைத் தாள் மெல்லிய கீற்றாக நின்று, தண்ணீர் அசைந்தது. மரத்தில் கறுப்பாக இருக்கிற இடம் தண்ணீரில் ஒரு பிடி கம்மி, வெளுப்பாக இருக்கிற இடத்தில் கறுப்பு ஒரு பிடி ஜாஸ்தி என்றீர்கள். "கொம்பை மேலேர்ந்து பாத்த மாதிரி போட்டிருக்கே. தண்ணி கீழேர்ந்துல்ல பாக்குது. அதுக்குக் கொம்போட அடிவயிறுதான் தெரியும்" என்றீர்கள். நான் உதட்டைச் சுழித்துக்கொண்டேன். அன்று ராத்திரி அதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

இருங்கள். பால் பொங்குகிறது.

வந்துவிட்டேன். பொங்கி அடுப்பெல்லாம் ஆகிவிட்டது, போகட்டும்.

அடுத்த வருஷம் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் தேவை என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தின் பேர் உங்களுக்குத் தெரியும், இங்கே வேண்டாம். ஒரு பென்சில் படம் வீட்டிலிருந்து போட்டுக் கொண்டுவர வேண்டும், நேரில் பேச வேண்டும். எனக்கு அப்போது கழுத்தில் கத்தி. வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் மாமன் மகனுக்குக் கட்டிவைப்பதாக அப்பா பேசி முடித்திருந்தார். அந்த மாமன் மகனை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. உங்களுக்கு ஐந்து மாதம். வேலைக்குப் போவதைப் பற்றி உங்களை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மரத்தை மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். நன்றாகவே வந்தது, பொய்யடக்கம் எதற்கு. தண்ணீருக்கான இடம் கீழே வெள்ளையாக இருந்தது. தாளைத் தொடவே பயமாக இருந்தது.

"அண்ணி, தண்ணிய மட்டும் நீங்க போட்டுக் குடுங்களேன்."

"பேரு?"

"ரெண்டு பேரும் போட்டதுன்னு சொல்லிடறேன்."

"அப்பிடிச் சொன்னா வேலை பாதிதான் குடுப்பாங்க. உன் பேரே போடு" என்று சிரித்துவிட்டு, அம்மா கோயிலுக்குப் போன சமயமாகப் பார்த்து ஒரே மூச்சில் போட்டு முடித்தீர்கள்.

அந்த நேர்காணலில் வேலூரிலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். ஓவியக்காரர், பழைய ஆள். படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்குக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணிய எடது கையால போட்டியா?"

பலகையைத் திருப்பிப் போட்டேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "பலகையத் திருப்பினா ஒண்ணு கோட்டோட வளைவு மாறிடும், இல்ல வாலு மேல போயிடும். இதுல ரெண்டும் எடது கைக்காரங்களுக்கு வர்ற மாதிரியே இருக்குது."

அப்போது உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். தண்ணீரைப் போட்டது என் அண்ணி. ஆனால் எனக்கு மாமன் மகனின் முகம்தான் தெரிந்தது. "ஆமாங்க சார். எனக்கு ரெண்டு கையும் வரும்" என்றேன்.

அவர் அசந்துபோய்விட்டார். தலைமையாசிரியை பக்கம் திரும்பி, "இந்த மாதிரி ஆள் கெடைக்கமாட்டாங்க" என்றார். என்னிடம், "ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் பிள்ளைங்களுக்கு போர்டுல ரெண்டு கையாலயும் போட்டுக் காட்டணும். நானே வந்து பாக்கப்போறேன்" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது. மாமன் மகன் தப்பித்தான், நான் தப்பித்தேன். ஆனால் ஜூனுக்கு நாற்பது நாள்தான் இருந்தது. வளைகாப்பு முடிந்து நீங்கள் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டிருந்தீர்கள். அண்ணிக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கொண்டுபோகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் புளிசாதத் தூக்கோடு பஸ் ஏறினேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். புளிசாதத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டு யோசித்தீர்கள்.

"பொய்தானே சொல்லிட்டே? அதை நெசமாக்கிட்டாப் போச்சு."

அந்த நாற்பது நாளில் இருபது நாளாவது வந்திருப்பேன். உங்கள் அம்மா வீட்டில் உங்கள் இடது கையை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அதே கையால் பூத் தொடுத்தீர்கள், முறம் புடைத்தீர்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நீங்கள் அங்கே வேறு ஆளாக இருந்தீர்கள், சத்தமாகப் பேசினீர்கள். என் வலது கையை என் புடவை முந்தானையாலேயே இடுப்போடு கட்டிவிட்டு, பழைய தினசரித் தாளை முன்னால் போட்டீர்கள். "கையை இழுக்காதே. மொழங்கைய அசை." என் கோடு குடித்தவன் நடை மாதிரி போகும். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். சிரித்ததில் குழந்தை உதைத்துவிட்டதென்று என் கையை இழுத்து அங்கே வைத்தீர்கள். மறுபடியும் தாள், மறுபடியும் கோடு. விரல் நுனி எல்லாம் கரி. முப்பதாவது நாள் வாக்கில் என் கோட்டுக்கும் உங்கள் கோட்டுக்கும் வித்தியாசம் சொல்ல உங்களாலேயே முடியவில்லை. "இப்ப நீ பொய் சொன்னவ இல்ல" என்றீர்கள். நானும் அதை நம்பினேன். எனக்கு அப்போது நிம்மதி தேவைப்பட்டது.

ஜூன் மாதம் போர்டில் வலது கையால் மரத்தையும் இடது கையால் தண்ணீரையும் போட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வேலூர்ப் பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு 'ரெண்டு கை மிஸ்' என்று பேர். ஆண்டுவிழாவா, கலெக்டர் வருகிறாரா, கூப்பிடு ரெண்டு கை மிஸ்ஸை. மேடையில் நின்று வித்தை காட்டுகிற மாதிரி காட்டினேன். உங்களை ஒரு ஆண்டுவிழாவுக்குக்கூட அழைத்துப்போகவில்லை. பஸ்ஸில் கூட்டம், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொன்னேன்.

இதுவரை சொன்னது சின்னத் தப்பு. நீங்களும் உடன்பட்டதுதான். என்னைத் தூங்கவிடாமல் புரட்டுவது அதற்கப்புறம் எட்டு வருஷம் கழித்து நடந்தது.

அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். உங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். அண்ணனிடம் சொல்லிவிட்டு நீங்கள் வீட்டிலிருந்தே படித்து டிராயிங் ஹையர் எழுதித் தேறியிருந்தீர்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பெருகி, இன்னொரு டிராயிங் டீச்சர் எடுப்பதாக முடிவானது. நான் உங்களிடம் சொல்லவில்லை. எப்படியோ உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"பாப்பா, உங்க ஸ்கூல்ல இன்னொரு நாற்காலி போடறாங்களாமே. எனக்குக் கெடைக்குமா?"

உங்களுக்கு முப்பது தாண்டியிருந்தது. நீங்கள் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தோலை ஊதிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காது சிவந்திருந்தது. கண்டிப்பாகக் கிடைக்கும் அண்ணி என்றேன்.

படத்துக்கு நீங்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டீர்கள். அதே குளம், அதே புங்க மரம். மரத்தை வலது கையால் போட்டீர்கள். அம்மா திட்டித் திட்டிப் பழக்கிய கை. தண்ணீரை இடது கையால். இரண்டு கையும் நிஜமாகவே வந்தது உங்களுக்குத்தான். மரத்தில் நிழல் ஏறி இறங்குகிற விதமும், தண்ணீரில் அது ஒரு பிடி தளர்ந்து, கரையோரம் புல்லின் அடியில் போய்க் கரைகிற விதமும், நான் மேடையில் காட்டுகிற வித்தைக்கெல்லாம் எட்டாதது. விண்ணப்பத்தோடு அதைச் சுருட்டி என்னிடம் கொடுத்தீர்கள். "நீ குடுத்தா மரியாதையா பிரிச்சுப் பாப்பாங்க" என்றீர்கள்.

வந்த படங்களைப் பார்த்துத் தேறியவர்களை மட்டும் நேர்காணலுக்கு அழைப்பதாக ஏற்பாடு. பார்க்க வந்தது அதே வேலூர்ப் பெரியவர், கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. தலைமையாசிரியை அறையில் என்னையும் உட்காரவைத்தார்கள். உங்கள் படத்தைப் பிரித்தவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணி மேல பாசம் இருக்க வேண்டியதுதான் டீச்சர். அதுக்காக நீங்களே போட்டுக் குடுத்துட்டா எப்படி?"

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"ரெண்டு கை ஷேடிங் இந்த ஜில்லாவுல உங்களத் தவிர யாருக்கு வரும்? எட்டு வருஷத்துல கை நல்லாத் தேறியிருக்குது. ஆனா இத நான் அவங்க படமா எடுத்துக்க முடியாது."

அவர்களையே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள் சார். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வந்து பென்சிலை எடுத்தால் அடுத்த நிமிஷம் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும், அப்படியானால் அன்றைக்கு என் படத்தில் தண்ணீரைப் போட்டது யார் என்று கேட்பார். மேஜைக்கடியில் என் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நான் சிரித்தேன் அண்ணி. கையும் களவுமாக அகப்பட்டவள் சிரிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். "மன்னிச்சிடுங்க சார், ஆசையில செஞ்சிட்டேன்" என்றேன். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு, செய்த தப்பை மூடினேன். அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். விண்ணப்பம் குப்பைக்குப் போனது. படத்தைக் கிழிக்க மனமில்லாமல் தலைமையாசிரியை பிரேம் போடச் சொல்லி, கீழே என் பேரை எழுதி, டிராயிங் ஹாலில் மாட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் நீங்கள் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து காத்திருந்தீர்கள். டீச்சர் டிரெயினிங் முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்களாம் என்றேன்.

"படத்தப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"கை நல்லாத் தேறியிருக்குதுன்னாங்க."

உங்கள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனதைப் பார்த்தேன். படத்தைத் திருப்பி வாங்கி வரவில்லையா என்று கேட்டீர்கள். அங்கேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன். படத்தைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, மொத்தமும் பொய். அதற்கப்புறம் நீங்கள் பென்சில் எடுத்து நான் பார்க்கவில்லை. கேட்டால் கண் வலிக்கிறது என்பீர்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று உங்களை அழைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டார். விழா முடிந்து டிராயிங் ஹாலைச் சுற்றிக் காட்டினார்கள். உங்களை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்க நான் என்னென்னமோ செய்தேன். காப்பி குடிக்கலாம் என்றேன், கால் வலிக்குமே என்றேன். நீங்கள் நேராகப் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றீர்கள். பக்கத்திலிருந்த யாரிடமோ அண்ணன், "என் தங்கச்சி போட்டது" என்று மார்பைத் தட்டிச் சொன்னார். நீங்கள் என் பேரைப் படித்தீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தீர்கள்.

"கண்ணாடி போட்டுட்டாங்களே. நல்லதாப் போச்சு, செல்லரிக்காது" என்றீர்கள்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிற வழியில் வெயிலைப் பற்றியும், பூ விற்கிற விலையைப் பற்றியும் பேசினீர்கள். நீங்கள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். என்னை ஒரு வார்த்தை ஏன் பாப்பா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே நடுரோட்டில் உங்கள் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் கேட்காததால் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. கேட்க மாட்டேன் என்கிறாயா, சரி, நானும் சொல்ல மாட்டேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன். எவ்வளவு கேவலமான கோபம் பாருங்கள். அதற்கப்புறமும் பல வருஷம் இருந்தீர்கள். பொங்கலுக்கு வந்தீர்கள், என் மகன் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்களுக்கு நினைவில்லை. இடது கையில்தான் ஊசி ஏற்றியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து இடது கையால் சாதம் பிசைகிறேன், தலை வாருகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். எதைத் தொட்டாலும் அந்தக் கையைப் பழக்கியது நீங்கள்தான் என்று நினைவு வந்தது. தாங்க முடியவில்லை. போன வாரம் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது தலைமையாசிரியையாக இருக்கிறவள் என் மாணவிதான். ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியவள். எழுந்து வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அந்தப் படம் நான் போட்டதில்லம்மா. எங்க அண்ணி போட்டது. என் பேரை எடுத்துட்டு அவங்க பேரை எழுதணும்" என்றேன். நேர்காணலில் சொன்ன பொய்யிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என் தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், அவங்க எறந்து எவ்வளவு நாளாவுது?"

"ஒன்றரை வருஷம்."

"அதான் மிஸ். ரொம்ப மனசுல வச்சிருக்கீங்க. நீங்க ரெண்டு கையாலயும் போட்டத நாங்கதான் கண்ணால பாத்தமே. எத்தன தடவை!"

இல்லை என்றேன். அது நீங்கள் அப்புறமாகக் கற்றுக்கொடுத்தது என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "எடது கைதானே நல்லா இருக்குது, ஒரு ரெண்டு கோடு போடுங்க மிஸ்" என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். வேண்டுமென்றே கோணலாகப் போட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கை கேட்கவில்லை. முழங்கை தானாகத் திறந்து மூடியது. அவள் அந்தத் தாளைக் கொண்டுபோய் உங்கள் படத்தின் கண்ணாடிமேல், தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். சாய்வு, வளைவு, வால், எல்லாம் ஒன்று.

"பாருங்க மிஸ், உங்க கையேதான்" என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னாள்.

படம் அங்கேயே என் பேரோடு தொங்குகிறது. கட்டு பிரித்ததும் மறுபடியும் போவேன், வேறு யாரிடமாவது சொல்வேன். அவர்களும் இந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அந்தக் கோட்டை எனக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம் அண்ணி.